மூன்று அல்லது அதற்கு மேல்

சந்தனமாரியின் கோப்பு ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது. வயது நாற்பத்து நான்கு. தொழில், உப்பு வாருதல். இடம், வெள்ளாங்கரை உப்பளம், மூன்றாம் களம். பாத்தியில் விழுந்த நேரம் காலை பதினொன்று பதினெட்டு. விழுந்தபோது பட்டையின் நிறம் பச்சை.

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் கோப்பு எங்களிடம் வந்திருந்தது. பச்சை என்றால் உடம்பு தாங்கும் என்று பொருள். பச்சையில் யாரும் சாகக்கூடாது.

வெயில் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வைகாசியில் நாற்பத்தொன்பது டிகிரி என்பது செய்தியாக இல்லாமல் போன பிறகு வந்த சட்டம். சம்பளத்துக்கு வெட்டவெளியில் வேலை செய்கிற எவரும் மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்க வேண்டும். அது நாடித்துடிப்பையும் தோலின் சூட்டையும் இரவு பகலாக எடுத்துக்கொண்டிருக்கும். களத்து வாசலில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு தரவுத்தளம், பெயர் பேழை. நேற்றிரவு உடம்பில் தங்கிப்போன சூடு எவ்வளவு, இன்று ஏறியது எவ்வளவு என்று கூட்டி, பட்டைக்கு நிறம் சொல்வது பேழைதான். பச்சை என்றால் முழு வேளை வேலை. மஞ்சள் என்றால் அரை வேளை. சிவப்பு வந்தால் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். பத்து நிமிடத்தில் வெளியேறாவிட்டால் உப்புநீர் மோட்டார் தானாக நின்றுவிடும். முதலாளிகள் சட்டத்துக்குப் பயந்ததைவிட மோட்டார் நிற்பதற்கு அதிகம் பயந்தார்கள். அதனால் சட்டம் ஓரளவு நடந்தது.

பேழையை எழுதியவள் நான் இல்லை. நான் பொதி கட்டுகிறவள். யார் யாரோ எங்கெங்கோ எழுதிய மென்பொருளைப் பெட்டிகளில் ஏறும்படி கட்டி அனுப்புவது எங்கள் வேலை. திருநெல்வேலியில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஆறு பேர். பேழையின் கணக்குகள் சரம் என்ற மொழியில் எழுதப்பட்டவை. மொழி என்றால் அதற்கும் பதிப்புகள் வரும். ஆகவே ஒவ்வொரு பொதியிலும் ஒரு வரி உண்டு, இது ஓடுவதற்குச் சரத்தில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று. இரண்டு விதமாக எழுதலாம். 'சரம் மூன்று மட்டும்.' அல்லது, 'சரம் மூன்று அல்லது அதற்கு மேல்.'

சென்ற ஆண்டு அந்த வரியை எழுதியவள் நான். அப்போது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். எதையும் கேட்பதற்கு முன் இரண்டு முறை எச்சில் விழுங்குவேன். அன்று கேட்டுவிட்டேன்.

"அண்ணே, இதை மூணோட பூட்டிரட்டுமா?"

ஜெபசிங் அண்ணன் எங்கள் குழுவின் தலைவர். நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினார்.

"தாராளமாப் பூட்டு. அப்புறம் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு ஊர் ஊராப் போ."

"என்னண்ணே?"

"இங்க ஒரு வழக்கம் உண்டு செண்பகம். எவன் பூட்டுறானோ அவன்தான் சாவிக்காரன். மொழி மேல மேல போயிட்டே இருக்கும். பழசை உயிரோட வச்சிருக்க வேண்டியது சாவிக்காரன் பொறுப்பு. மூணு மாசத்துக்கு ஒருக்கா களத்துக்கே போயி, பெட்டியைத் திறந்து, சோதிச்சு, கையெழுத்துப் போடணும். பொதியில பேரு வேற நிக்கும். நம்ம பிரிசில்லா ஒருக்கா பூட்டினா. பாவம், ரெண்டு கிறிஸ்துமஸ் செங்கச்சூளையில கழிஞ்சுது."

பிரிசில்லா அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு கிறிஸ்துமஸ்தான். இன்னொண்ணு ஈஸ்டர்" என்றார்.

"பாத்தியா, உயிர்த்தெழுந்த அன்னைக்கும் சூளை."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புது இடத்தில் சிரிக்காமல் இருக்க எனக்குத் தைரியம் போதாது. எங்களிடம் இருந்தவை நூற்றுப் பன்னிரண்டு பொதிகள். அக்காவின் ஈஸ்டருக்குப் பிறகு ஒன்றில்கூடப் பூட்டு இல்லை. 'மூன்று அல்லது அதற்கு மேல்' என்று எழுதி, சேமித்து, சாப்பிடப் போனேன்.

இந்தப் பங்குனியில் சரம் நான்கு வந்தது. பெட்டிகள் யாரையும் கேட்காமல் ஏற்றிக்கொண்டன. கேட்க வேண்டியதில்லை என்று நான்தான் எழுதியிருந்தேன்.

"ஒரு சான்று வச்சு அனுப்பிடு" என்றார் ஜெபசிங் அண்ணன், சந்தனமாரியின் கோப்பைத் தந்துவிட்டு. "பொதி சோதனையில தேறுச்சுன்னு ரெண்டு வரி. விசாரணை அதிகாரி கேட்டிருக்கார்."

பொதி தேறித்தான் இருந்தது. இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். வெள்ளாங்கரைப் பெட்டியின் பதிவுகளையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று திறந்தேன்.

சந்தனமாரியின் பெயருக்கு நேரே பகல்கள் நிறைந்திருந்தன. இரவுகள் இல்லை. பங்குனிக் கடைசியிலிருந்து முப்பத்தொரு இரவுகள் வெற்றாக இருந்தன. பட்டையை இரவில் கழற்றி வைத்திருக்கிறார். அதில் வியப்பில்லை, புழுக்கத்தில் பட்டை அரிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு காலையிலும் 'தங்கிய சூடு' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

அந்தக் கணக்கை எழுதிய நிரலைத் தேடி எடுத்தேன். ஒன்பது ஆண்டுப் பழையது. எழுதியவர் பெயர் இல்லை. நடுவில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. 'இரவு வெற்றாக வந்தால் வெற்றாகவே விடவும். நாம் பார்க்காத இரவை நாம் நம்பக்கூடாது.'

கோப்பை எடுத்துக்கொண்டு ஜெபசிங் அண்ணனிடம் போனேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணே, மூணுல வெற்றோட எதைக் கூட்டினாலும் வெற்றுதான் வரும். ராத்திரிக் கணக்கு இல்லைன்னா, தெரியலைன்னு சொல்லி பேழை மஞ்சள் போட்டுரும். இந்த நிரல் அதை நம்பித்தான் எழுதியிருக்கு."

"சரி."

"நாலுல வெற்றைப் பூஜ்யமா எடுத்துக்குது. எழுதுறவங்களுக்கு வசதின்னு மாத்தியிருக்காங்க. அப்ப ராத்திரி பட்டை போடாதவங்க எல்லாம் சுத்தமா ஆறிட்டாங்கன்னு ஆகுது. காலையில பச்சை."

"ஆறியிருக்க மாட்டாங்களா?"

"தகரக் கூரை அண்ணே. ராத்திரி ரெண்டு மணிக்கே முப்பத்தஞ்சு டிகிரி. முப்பத்தொரு நாள் சூடு அந்தம்மா உடம்புலயே கிடந்திருக்கு. தினமும் புதுசா ஆரம்பிக்கிறதா பேழை நினைச்சுட்டு இருந்திருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்திருந்தார்.

"நம்ம சோதனையில ஏன் பிடிபடல?"

"சோதனையில நூறு பேரும் ராத்திரி பட்டை போட்டுத்தான் தூங்குறாங்க."

சோதனைக்காகக் கணினியில் கற்பனையாக உருவாக்கிய அந்த நூறு பேருக்கும் அலுவலகத்தில் வேலை செய்தவர்களின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஜெபசிங் என்று ஒருவர் உண்டு. 'நான் ஒம்பது வருசமா உப்பு வாரி ஒரு நாள் மயங்கினதில்ல, ஒடம்புன்னா அது ஒடம்பு' என்று அண்ணன் தேநீர் நேரத்தில் சொல்லிக் காட்டுவார். இப்போது அதைச் சொல்லவில்லை.

"சரி பண்ணு" என்றார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "மூணோட பூட்டு. சாவி உனக்குத்தான் வரும், பரவாயில்லையா?"

"பரவாயில்லண்ணே. சான்று?"

"சோதனையில தேறுச்சா இல்லையா?"

"தேறுச்சு."

"அதை எழுது. பொய் இல்லையே."

எழுதினேன். பொய் இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணை முடிந்தது. விதியை மீறி இரவில் பட்டையைக் கழற்றியது தொழிலாளியின் தவறு, கருவியில் குறை இல்லை என்று முடிவு வந்தது. நான் எழுதிய இரண்டு வரிகளும் பின்னிணைப்பில் இருந்தன.

பூட்டுவதற்கு முன் அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலை தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பேருந்து. மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் வாய்க்குப் பொருந்தவில்லை.

வெள்ளாங்கரையில் இறங்கியபோது வேலை முடிந்து பெண்கள் வாசலுக்கு வெளியே ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். மணி பன்னிரண்டரை. பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது. சந்தனமாரி வீட்டு ஆட்கள் யாராவது என்று கேட்டேன். ஒரு பெண் எழுந்தாள். இருபது வயதிருக்கும். காலில் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை உப்பு.

"அம்மாதான். நான் மாரிச்செல்வி. நீங்க யாரு?"

சொன்னேன். பட்டைக்கு நிறம் சொல்கிற பெட்டிக்குள் இருப்பதைக் கட்டி அனுப்புகிறவள் என்றேன். கொட்டகையின் நடுவில் ஒருவர் தூக்குச்சட்டியை மூடி வைத்தார். இசக்கியம்மா என்று பிற்பாடு தெரிந்தது. சந்தனமாரியோடு ஒரே பாத்தியில் வாரியவர், ஐம்பதைத் தாண்டியவர்.

"உக்காரும்மா. வெயில்ல நின்னா உனக்குத் தாங்காது. ஏட்டி, அந்தத் தண்ணியக் குடு."

தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வரியை, நான்காம் பதிப்பை, இரவை, பூஜ்யத்தை. கழற்றியது உங்கள் அம்மாவின் தவறு இல்லை, பச்சை காட்டியது எங்கள் தவறு என்று சொன்னேன்.

யாரும் அழவில்லை. யாரும் திட்டவுமில்லை. இசக்கியம்மா மாரிச்செல்வியைப் பார்த்தார்.

"இதுக்கா பஸ் ஏறி வந்தே?" என்றார். "ராத்திரி கழட்டி வச்சா காலம்பற பச்சைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்லா."

"தெரியுமா?"

"பங்குனியிலேயே தெரியும். கண்டுபிடிச்சதே இவ அம்மதான்."

மாரிச்செல்வி தலையசைத்தாள். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அம்மாக்கு கையில வேர்க்குரு. ஒரு நாள் அரிப்புத் தாங்காம கழட்டி அடுப்பு மேல வச்சிட்டா. காலையில மஞ்சள் வரும், அரை வேளைதான்னு அழுதுக்கிட்டேதான் கட்டினா. பாத்தா பச்சை. மறுநாளும் கழட்டிப் பாத்தா. பச்சை. அப்புறம் எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னா."

"கோயில் கொடைக்குச் சொல்லுத மாதிரில்ல சொன்னா" என்றார் இசக்கியம்மா. "வீடு வீடா வந்தா. 'யாத்தா, இனிமே பட்டையைக் கழட்டிட்டுத் தூங்குங்கட்டி, பெட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சு'ன்னு."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆனா அதனாலதான் அவங்க..." என்றேன்.

"எங்கம்மா செத்தது எனக்குத் தெரியாதாக்கா?" மாரிச்செல்வி நிதானமாகத்தான் கேட்டாள். "நான்தானே பக்கத்துப் பாத்தியில நின்னேன்."

குனிந்து பூட்ஸில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"முந்தி மூணு நாளைக்கு ஒருக்கா மஞ்சள் வரும். ஒம்போதரைக்கெல்லாம் வெளிய வந்து இங்க உக்காந்திருப்போம். பாதி வாரின பாத்தியில உப்பு இறுகிரும். அப்புறம் அது கல்லு. அரைப் பாத்தி வாருதவளை எவன் மறுநாள் கூப்பிடுவான்? பச்சை வந்த பொறகுதான் எல்லாருக்கும் தொடர்ச்சியா வேலை. இப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"சரி பண்ணப் போறேன்."

"அப்படின்னா?"

"ராத்திரி கழட்டினா பழையபடி மஞ்சள் வரும். போட்டுத் தூங்கினாலும், சூடு தங்கியிருந்தா மஞ்சள்தான்."

கொட்டகை முழுவதும் என்னைப் பார்த்தது. அதுவரை இருந்த பார்வை இல்லை இது.

"பண்ணாதீங்க" என்றாள் மாரிச்செல்வி.

"இன்னொருத்தர் விழுந்தா?"

"விழுதது நாங்கதானே. உங்களை விழச் சொல்லலையே."

"ஏட்டி, வந்த பிள்ளைட்ட அப்படிப் பேசாத." இசக்கியம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். "நீ நல்ல மனசோடதான் வந்திருக்கே. தெரியுது. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. அது கெட்டுப்போனது எங்களுக்கு நல்லதாப் போச்சு. கெட்டுப்போனதை அப்படியே விட்டுரு. நீ வந்ததை நாங்க யாருட்டயும் சொல்ல மாட்டோம்."

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் வெயில் அடித்தது. இடம் மாறி உட்கார்ந்தேன். மாரிச்செல்வியின் மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்த இடம் வெளுத்திருந்ததை நினைத்துக்கொண்டே வந்தேன். அவளுக்கும் இருபத்தெட்டு இரவுகள் வெற்றாக இருந்தன. ஊரிலிருந்து புறப்படும் முன் பதிவுகளில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தேன். அவர்கள் சொன்னதைக் கேட்டு நான் சும்மா இருந்து, அடுத்த கோப்பில் அவள் பெயர் வந்தால்? அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றியது.

திங்கட்கிழமை பூட்டினேன். 'சரம் மூன்று மட்டும்.' பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். ஒவ்வொரு புதுப் பொதிக்கும் என்ன மாறியது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன். 'இரவுப் பதிவு இல்லாதவர்களைச் சூடு ஆறியவர்களாக எடுத்துக்கொண்டது பிழை. இதனால் ஒருவர் இறந்திருக்கிறார். திருத்தப்பட்டது.'

ஜெபசிங் அண்ணன் அதைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"விசாரணை முடிஞ்சுபோச்சு செண்பகம்."

"தெரியும்ணே."

"இது போச்சுன்னா மறுபடி திறப்பாங்க. நீ எழுதின சான்றும் வெளிய வரும். உன் பேருதான் அதுல இருக்கு, என் பேரு இல்ல. நான் உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூன்று வாக்கியங்களையும் அழித்துவிட்டு, 'நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது' என்று எழுதினார். எங்கள் நூற்றுப் பன்னிரண்டு பொதிகளிலும் அடிக்கடி வரும் குறிப்பு அதுதான்.

அடுத்த வாரம் வெள்ளாங்கரையில் நாற்பத்திரண்டு பட்டைகளில் முப்பத்தெட்டு மஞ்சளாயின. என் திரையில் பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு ஒவ்வொன்றாகக் களத்திலிருந்து வெளியே வந்தன. ஓலைக் கொட்டகை நினைவுக்கு வந்தது. மாரிச்செல்வி என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். திட்டட்டும், உயிரோடு உட்கார்ந்து திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி தொடக்கத்தில் மஞ்சள்கள் குறையத் தொடங்கின. ஆடியில் ஒன்றுகூட இல்லை. குழுக் கூட்டத்தில் ஜெபசிங் அண்ணன் அந்த வரைபடத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார்.

"பாருங்க. மஞ்சள் இல்ல, சிவப்பு இல்ல, மரணம் இல்ல. பட்டையை ஒழுங்காப் போட்டுத் தூங்கப் பழகிட்டாங்க. எல்லாம் நம்ம சாவிக்காரியோட பூட்டு."

கைதட்டினார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிரிசில்லா அக்கா மட்டும், "முதல் ரவுண்டு எப்ப போறே?" என்று கேட்டார்.

"ஆவணி முதல் வாரம்க்கா."

"தொப்பி எடுத்துக்கோ."

ஆவணியில் போனேன். இந்த முறை அலுவலக வேலையாக, கையில் சோதனைப் படிவத்தோடு. வாசலில் இருந்த காவலர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பட்டையை நீட்டினார்.

"கட்டிக்கிடுங்க. சம்பளத்துல வேலை பாக்குதவங்க இது இல்லாம உள்ள போகக்கூடாது."

கட்டிக்கொண்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு அது மஞ்சளானது. என்னுடைய நேற்றிரவைப் பற்றிப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது. சரியாக வேலை செய்கிறது என்று படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். மோட்டாரின் இணைப்பையும் பார்க்க வேண்டும். அது களத்தின் மறுகோடியில் இருந்தது. வரப்பில் நடந்தேன்.

மணி பதினொன்றாகப் போகிறது. பாத்திகளில் ஆட்கள் நின்றார்கள். நாற்பது பேர் இருக்கும். குனிந்து வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது பாத்தியில் மாரிச்செல்வி இருந்தாள். முகத்தைத் துணியால் சுற்றியிருந்தும் பூட்ஸை வைத்துத் தெரிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கக்கா. சரி பண்ணினவங்க வந்தாச்சு" என்று பக்கத்துப் பாத்திக்குக் குரல் கொடுத்தாள்.

அவள் கையைப் பார்த்தேன். பட்டை இல்லை. பக்கத்துப் பாத்தியில் இருந்தவளின் கையையும் பார்த்தேன்.

"பட்டை எங்க செல்வி?"

"திருப்பிக் குடுத்தாச்சு."

"எப்படி முடியும்? சட்டம்..."

"சட்டம் சம்பளத்துக்கு வாருதவங்களுக்குத்தானே. ரெண்டு வாரம் எல்லாரும் மஞ்சளா வந்து உக்காந்தோம். மோட்டார் ஓடுது, உப்பு இறுகுது. கங்காணி ஒரு தாளைக் கொண்டாந்தாரு. இனிமே ஆளுக்கு ஒரு பாத்தி குத்தகை. என் பாத்தி, என் உப்பு. சொந்த வேலைக்குப் பட்டை எதுக்கு? எல்லாரும் கைநாட்டு வச்சிட்டோம்."

"எல்லாருமா?"

"நான்தான் மொத ஆளு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாரலாம். ஒரு மணி, ரெண்டு மணி. யாரும் கேக்க முடியாது."

உப்பு நீரிலிருந்து எழுந்த வெக்கை முகத்தில் அடித்தது. கண்களை இடுக்கிக்கொண்டு பாத்திகளைப் பார்த்தேன்.

"இசக்கியம்மா எங்க?"

மாரிச்செல்வி பலகையை ஒரு முறை இழுத்தாள். உப்பு கரகரவென்று ஒதுங்கியது.

"ஆடி பதினெட்டு கழிஞ்சு நாலு நாள்ல போயிட்டா."

"வெயிலா?"

"என்னன்னு சொல்ல? பட்டை இருந்தாத்தானே வெயில்னு எழுதுவாங்க. நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்தாங்க."

சுவரில் கைதட்டு வாங்கிய அந்த வரைபடத்தில் ஆடி இருபத்திரண்டாம் நாளை நினைத்துப் பார்க்க முயன்றேன். அந்த இடத்தில் கோடு நேராகத்தான் போயிருந்தது.

"செல்வி, நீயாவது..."

அதற்குள் என் மணிக்கட்டு கத்தத் தொடங்கியது. பட்டை சிவப்பாகியிருந்தது. களம் முழுக்கக் கேட்கும் சத்தம். நாற்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஏ, யாரது உள்ள? மோட்டார் நின்னுரும்! அந்தம்மாவ வெளிய அனுப்புங்க!" தூரத்திலிருந்து கங்காணி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"உங்களுதுதான் கத்துது. போங்கக்கா" என்றாள் மாரிச்செல்வி. கோபம் ஒன்றும் இல்லை. "பத்து நிமிசத்துக்குள்ள வெளிய போயிருங்க. தண்ணி நின்னா எங்க பாத்திதான் காயும். நிழல்ல போயி நில்லுங்க, உங்களுக்குப் பழக்கமில்ல."

வரப்பில் வேகமாக நடந்தேன். வழுக்கியது. பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கை நீண்டு என்னைப் பிடித்து நிறுத்தி, வாசல் பக்கம் திருப்பிவிட்டது. யார் என்று பார்க்கவில்லை. பட்டை கத்திக்கொண்டே வந்தது.

காவலர் அதைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் கொடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. உட்கார்ந்தேன். மோட்டார் நிற்கவில்லை. மூச்சு சீராக நேரமானது.

"படிவம் முடிச்சிட்டியளா? குடுத்தியன்னா சீல் வச்சிருவேன்" என்றார் காவலர்.

இணைப்பைப் பற்றிய கட்டங்களை நிரப்பினேன். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. பெட்டி சரியாக இயங்குகிறதா?

உள்ளே பார்த்தேன். மாரிச்செல்வி பாத்தியின் மறு ஓரத்துக்குப் போய்விட்டாள். எல்லாரும் மறுபடி குனிந்திருந்தார்கள். பெட்டியின் சிறிய திரையில் 'களத்தில் உள்ளவர்கள்' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.